கைப்பேசித் தொடர்பின் அடுத்த கட்டம்: வேகமும் பொறுப்பும்

கைப்பேசித் தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் தலைமுறைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. குரலை மட்டும் சுமந்த முதல் தலைமுறை 1979இல் டோக்கியோவில் வணிகச் சேவையாகத் தொடங்கியது. குரலை எண்மக் குறிகளாக மாற்றி அனுப்பிய இரண்டாம் தலைமுறை 1991இல் பின்லாந்திலும், இணையத்தைக் கைக்குள் கொண்டுவர முயன்ற மூன்றாவது 2001இல் ஜப்பானிலும், அம்முயற்சியை உண்மையிலேயே நிறைவேற்றிய நான்காவது 2009இல் ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ நகரங்களிலும், ஐந்தாவது 2019இல் தென் கொரியாவிலும் அமெரிக்காவிலும் அறிமுகமாயின. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒன்று என்ற இந்த வரிசையை நீட்டி, 2030ஐ ஒட்டி ஆறாம் தலைமுறை வரும் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்த வரிசை முதன்மையாக அளப்பது வேகத்தை மட்டுமே. ஒரு நொடியில் எவ்வளவு தரவு கடக்கிறது என்பதை அது காட்டும். அந்த இணைப்பு யாரை எட்டுகிறது, என்ன விலைக்கு எட்டுகிறது, அது அறுந்துபோனால் என்ன நேர்கிறது, அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பவற்றைக் காட்டாது. பணம் செலுத்துவது, அடையாளத்தை நிறுவுவது, அரசின் உதவியைப் பெறுவது, ஆபத்தில் குரல் கொடுப்பது என அன்றாட அலுவல்கள் எல்லாம் கைப்பேசியை முன்நிபந்தனையாகக் கொண்டுவிட்ட சமூகத்தையே இணைப்புற்ற சமூகம் என்று அழைக்கிறோம் என்றால், அத்தகைய சமூகத்தில் கைப்பேசித் தொடர்பின் எதிர்காலத்தை முடிவு செய்யப்போவது விடுபட்டுப்போன இந்தக் கேள்விகள்தாம். உலகின் இரண்டாவது பெரிய கைப்பேசிச் சந்தையான இந்தியாவின் முப்பதாண்டு அனுபவம் இதை ஆராய்வதற்கு நல்ல களம்.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, கல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசியதே நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பாகக் கருதப்படுகிறது. அக்காலத்தில் அழைப்பவர் மட்டுமன்றி அழைக்கப்படுபவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததால், மணி அடித்தால் எடுக்கலாமா என்று யோசிக்க வேண்டிய பொருளாகக் கைப்பேசி இருந்தது. பெருந்தொகையை முன்கூட்டியே உரிமக் கட்டணமாகப் பெற்று வந்த முறையை மாற்றி, வருவாயில் ஒரு பங்கைப் பெறும் முறையை 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை கொண்டுவந்தது. 2003இல் உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. கூலி வேலை செய்பவரும் தச்சரும் மின்பணியாளரும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுச் செலவின்றிக் காத்திருக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். 2016 செப்டம்பரில் ஜியோ நுழைந்தபோது தரவின் விலையிலும் இதே போன்ற சரிவு ஏற்பட்டது. ஒரு ஜிபி தரவு இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற நிலை மாறி, சில ஆண்டுகளுக்குள் பத்து ரூபாயை ஒட்டி இறங்கியது. இந்தியச் சமூகத்தை இணைத்த இரண்டு பெருந்திருப்பங்களும் தலைமுறை மாற்றத்தைவிட விலை மாற்றத்துக்கே கடன்பட்டவை. தொழில்நுட்பம் வாசல்வரை வந்து நின்றது. உள்ளே அழைத்து வந்தது கட்டணக் கொள்கை.

அந்தக் கொள்கையின் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. அலைக்கற்றை, அதாவது கைப்பேசிகளும் கோபுரங்களும் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வானொலி அதிர்வெண்களின் தொகுதி, பொதுச் சொத்து. அதை முதலில் வந்தவர்க்கு முதலில் என்ற அடிப்படையில் ஒதுக்கியதில் நேர்ந்த முறைகேடுகளின் காரணமாக 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. அதன்பின் ஏலம் என்பது நேர்மையின் மறுபெயர்போல ஆகிவிட்டது. ஏலம் வெளிப்படையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளிப்படையான ஒரு முறை தவறான இலக்கை நோக்கியும் செல்லக்கூடும். 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் கதை இதற்குச் சான்று. அதிர்வெண் குறையக் குறைய அலை தொலைவு செல்லும், சுவரையும் மரத்தையும் எளிதாக ஊடுருவும் என்பது இயற்பியல் விதி. எனவே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களைக் குறைந்த கோபுரங்களைக் கொண்டு எட்டுவதற்கு மிகப் பொருத்தமானது இந்தப் பட்டை. அரசு நிர்ணயித்த அடிப்படை விலை மிக உயர்ந்திருந்ததால் 2016 ஏலத்தில் இதை வாங்க ஒருவரும் முன்வரவில்லை. 2021இலும் அதே நிலை. 2022இல்தான், விலை குறைக்கப்பட்ட பின், ஒரே ஒரு நிறுவனம் அதை வாங்கியது. சிற்றூர்களுக்கு மிகவும் வேண்டிய அதிர்வெண் ஆறாண்டுக் காலம் யாருக்கும் பயன்படாமல் காற்றில் கிடந்தது. கருவூலத்துக்கும் வருவாய் இல்லை, குடிமக்களுக்கும் சேவை இல்லை.

அலைக்கற்றையை முதன்மையாக வருவாய் இனமாகக் கருதும் இந்தப் போக்கு தொழிலின் அமைப்பையும் மாற்றியது. ஒரு காலத்தில் பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியிட்ட சந்தையில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று தனியார் நிறுவனங்களும் அரசுத் துறையின் பி.எஸ்.என்.எல்.லும் மட்டுமே. நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய பங்கைக் கணக்கிடும்போது எந்தெந்த வருவாயைச் சேர்க்க வேண்டும் என்ற வழக்கில் 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஏற்கெனவே கடனில் இருந்தவர்களை மேலும் அழுத்தியது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியதைப் பார்க்கும்போது, மலிவு என்பது இந்தியக் கைப்பேசிச் சேவையின் நிலையான இயல்பு அன்று, ஒரு போட்டிக் காலத்தின் விளைவு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

மலிவு நீடித்த அந்தக் காலத்திற்குள் சமூகம் தன் ஏற்பாடுகளைக் கைப்பேசியின்மேல் கட்டி முடித்துவிட்டது. 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட யுபிஐ எனும் உடனடிப் பணப்பரிமாற்ற முறை இன்று தள்ளுவண்டிக் கடைவரை பரவியுள்ளது. வங்கிக் கணக்கு, எரிவாயு முன்பதிவு, தொடர்வண்டிச் சீட்டு, அரசுத் தேர்வு விண்ணப்பம் எதற்கும் ஒருமுறைக் கடவுச்சொல் கைப்பேசிக்கே வந்து சேருகிறது. இந்த நிலையில் சொந்தமாகக் கைப்பேசி இல்லாமை வசதிக் குறைவு என்ற கட்டத்தைத் தாண்டி, குடிமை உரிமைகளைப் பயன்படுத்த இயலாமையாக மாறுகிறது. 2019-21 காலத்தில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் சுமார் 54 விழுக்காட்டினரே. வீட்டில் ஒரு கருவி இருந்து, அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும்போது, பெண்ணின் பெயரில் வரும் உதவித்தொகைக்கான கடவுச்சொல்லும் அவர்கள் கைக்கே போகிறது. உலக அளவிலும் நிலை இதுதான்: இணையத்தைப் பயன்படுத்தாதவர்களில் மிகப் பெரும்பாலோர் கைப்பேசி அலை எட்டும் இடங்களிலேயே வாழ்கிறார்கள். கோபுரம் இல்லாமையைக் காட்டிலும் கருவியின் விலை, எழுத்தறிவு, வீட்டுக்குள் நிலவும் அதிகாரம் ஆகியவையே அவர்களைத் தடுக்கின்றன. இந்த இடைவெளியை எந்தப் புதிய தலைமுறையும் தானாக நிரப்பாது.

மாறாக, தலைமுறை மாற்றமே சிலரை வெளியே தள்ளக்கூடும். பழைய வலையமைப்புகளை மூடி அந்த அலைக்கற்றையைப் புதியவற்றுக்குக் கொடுப்பது பொறியியல் நோக்கில் சிக்கனமானது. ஆனால் பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் கோடிக்கணக்கான இந்தியர்களில் பலருக்கு 2ஜிதான் ஒரே வழி. அவர்களுக்காகவே 2022 மார்ச்சில் இணையமின்றி இயங்கும் யுபிஐ 123பே முறை உருவாக்கப்பட்டது. ஆஸ்திரேலியா 2024இல் 3ஜி வலையமைப்புகளை மூடியபோது, 4ஜியில் இயங்கினாலும் அவசர அழைப்பை மட்டும் 3ஜி வழியாகவே அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்த கருவிகள் ஏராளமாக இருப்பது தெரியவந்து, மூடும் நாளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அந்தக் கருவிகளை வைத்திருந்தவர்கள் அன்றாடம் பேசிக்கொண்டும் படம் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். ஆபத்து வரும் நேரத்தில்தான் குறை வெளிப்பட்டிருக்கும்.

இனி வரவிருக்கும் தொழில்நுட்பத்துக்கு வருவோம். ஒரு தடத்தில் பிழையின்றி அனுப்பக்கூடிய தகவலின் உச்ச அளவு, அத்தடத்தின் அலை அகலத்தையும் இரைச்சலையும் பொறுத்தது என்று 1948இல் கிளாட் ஷானன் நிறுவினார். இன்றைய குறிமுறைகள் அந்த எல்லையை ஏறத்தாழத் தொட்டுவிட்டன. ஆகவே மேலும் வேகம் வேண்டுமானால் அகலமான பட்டைகள் வேண்டும். அவை உயர் அதிர்வெண்களில்தான் கிடைக்கும். உயர் அதிர்வெண் தொலைவு செல்லாது. எனவே கோபுரங்கள் நெருங்கி நிற்க வேண்டும். ஒவ்வொரு கோபுரத்தையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்க வேண்டும். இந்தியக் கோபுரங்களில் இழை வடம் எட்டியவை பாதிக்கும் குறைவு. 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிய 5ஜி சேவை மிக விரைவாகப் பரவியது உண்மையே. எனினும் அது பெரும்பாலும் 4ஜி செய்ததையே இன்னும் நெரிசலின்றிச் செய்கிறது. அதன் பெயரால் முன்பு சொல்லப்பட்ட தொலைவழி அறுவை மருத்துவமும் ஓட்டுநரற்ற ஊர்திகளும் விளம்பரப் படங்களோடு நின்றுவிட்டன. இந்தியாவில் அது கண்டுபிடித்த புதிய பெரும்பயன், இழை வடம் போடாத வீடுகளுக்குக் காற்று வழியே அகலக்கற்றை இணைப்பு கொடுப்பதுதான். ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை வாங்கியவர்களுக்கு இது சற்று எளிமையான முடிவு என்றாலும், பயனர்களுக்குப் பொருளுள்ளது.

5ஜிக்குள் உள்ள ஒரு வசதி மட்டும் கொள்கை நோக்கில் தனிக் கவனம் பெறத்தக்கது. ஒரே வலையமைப்பை மென்பொருளால் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வேகத்தையும் உறுதியையும் அளிப்பது வலைக்கூறாக்கம் எனப்படும். தொழிற்சாலைக்கும் அவசர ஊர்திக்கும் தனிக்கூறு கொடுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதே உத்தியால் ஒரு காணொளி நிறுவனத்துக்கு விரைவழியும் மற்றவற்றுக்கு மண்வழியும் கொடுக்க முடியும். உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டுவதை 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடைசெய்தது. அதனால் பேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த விதி கட்டணத்தைப் பற்றியது. வேகத்தையும் உறுதியையும் கூறுபோட்டு விற்கும் காலத்துக்கு அதே கொள்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது இன்னும் தீர்ந்துவிட்ட விவாதம் அன்று.

ஆறாம் தலைமுறைக்கான சட்டகத்தைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023 இறுதியில் வெளியிட்டது. அது ஆறு பயன்பாட்டுக் களங்களை வகுக்கிறது. அவற்றில் மூன்று 5ஜியின் நீட்சி. எஞ்சிய மூன்றே புதியவை. எங்கும் இணைப்பு என்பது ஒன்று. செயற்கை நுண்ணறிவோடு இணைந்த தொடர்பு மற்றொன்று. வலையமைப்பே சுற்றுப்புறத்தை உணர்வது மூன்றாவது. கடைசியாகச் சொன்னது சற்று விளக்கத்துக்குரியது. கோபுரம் அனுப்பும் அலை பொருள்கள்மேல் பட்டுத் திரும்புவதை அளந்து, ராடார்போல, அங்கே என்ன இருக்கிறது, எது நகர்கிறது என்று அறிய முடியும். சாலை நெரிசலையும் அத்துமீறிப் பறக்கும் டிரோனையும் கண்டறிய இது உதவும். கைப்பேசியே வைத்திராத மனிதரின் நடமாட்டத்தையும் கண்டறிய உதவும். இதுவரை தனியுரிமை பற்றிய சட்டங்கள் பெரும்பாலும் சேவையைப் பெற ஒப்புக்கொண்ட பயனரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எந்தச் சேவைக்கும் ஒப்புதல் தராத வழிப்போக்கர் அளக்கப்படும்போது அந்த ஒப்புதல் என்ற அடித்தளமே இல்லாமற் போகிறது. கைப்பேசியிலேயே அரசின் செயலியை முன்நிறுவும்படி இந்தியாவில் 2025 இறுதியில் பிறப்பிக்கப்பட்ட ஆணை, கடும் எதிர்ப்பால் சில நாள்களில் கைவிடப்பட்டது. அங்கே எதிர்ப்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஒரு செயலி இருந்தது. கோபுரத்தின் உணர்திறனுக்கு அப்படிப்பட்ட உருவம் இல்லை.

எங்கும் இணைப்பு என்ற இலக்கின் பொருளை மிகத் தெளிவாகக் காட்டுவது கடல். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி பரவியதன் விளைவை அளந்தது. கரையிலிருந்து 20 கிலோமீட்டரை ஒட்டிய தொலைவுவரை அலை எட்டியதால், மத்தி பிடித்துத் திரும்பும் படகுகள் எந்தத் துறையில் நல்ல விலை என்று கடலிலிருந்தே விசாரித்துச் சென்றன. துறைக்குத் துறை இருந்த விலை வேறுபாடு சுருங்கியது, வாங்க ஆளின்றி மீனைக் கொட்டும் நிலை மறைந்தது, மீனவரின் ஆதாயம் 8 விழுக்காடு கூடியது, நுகர்வோர் விலை 4 விழுக்காடு குறைந்தது. கைப்பேசியின் பொருளியல் பயனுக்கு இதைவிடத் துல்லியமான சான்று அரிது. ஆனால் அதே கடற்கரையின் தென்பகுதி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை 2017இல் கண்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் வாரக்கணக்கில் நூற்றுக்கணக்கான கடல்மைல் தொலைவில் தங்கித் தொழில் செய்பவர்கள். நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் உருவானபோது எச்சரிக்கை கரையில் ஒலித்தது. கடலில் இருந்தவர்களுக்கு அதைச் சேர்ப்பிக்க வழியில்லை. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தனர் அல்லது காணாமற் போயினர்.

அதன்பின் 2019இல் ஜெமினி என்ற சிறு கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள்கள் வழியாக வரும் வானிலை, மீன்வளச் செய்திகளைப் பெற்று மீனவரின் கைப்பேசிக்கு அது அனுப்பும். மீனவர் திருப்பி ஒரு சொல்லும் அனுப்ப முடியாது. இருவழிச் செய்திக் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024இல்தான் பெரிய அளவில் தொடங்கியது. இதற்கிடையில் உலகில் வேறொரு பாதை திறந்துவிட்டது. எந்த மாற்றமும் செய்யப்படாத சாதாரணக் கைப்பேசியோடு நேரடியாகப் பேசும் செயற்கைக்கோள்களின் பாதை அது. கைப்பேசியின் அலை மிக மெலிது. பல நூறு கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்லும் செயற்கைக்கோள் அதைக் கேட்க வேண்டுமானால் அதன் அலைவாங்கி மிகப் பெரிதாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் நிறுவனம் அனுப்பும் புளூபேர்ட் செயற்கைக்கோள்கள் வானில் விரியும் பெரும்பலகைகள்போல அமைந்திருப்பது அதனால்தான்; அவற்றுள் ஆறாயிரம் கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒன்றை 2025 டிசம்பர் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏந்திச் சென்றது இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ஏவூர்தி. அத்தகைய சேவை இந்தியக் கடலுக்கு எப்போது வரும் என்பது ஏவூர்தியைவிட உரிமத்தைப் பொறுத்த விஷயம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் அனுமதியற்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளைப் பாதுகாப்புத் துறைகள் கடுமையாகக் கண்காணிக்கின்றன. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் ஆழ்கடலில் ஆபத்துச் செய்திக்கு மட்டுமாவது விதிவிலக்கு அளிக்கும் உரிமமுறை அந்த அச்சத்தோடு முரண்படாது.

இணைப்பு எட்டுவது ஒருபுறம் இருக்க, எட்டிய இணைப்பு நின்றுபோவது பற்றிய சிந்தனை இன்னும் குறைவாகவே உள்ளது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ராஜர்ஸ் வலையமைப்பில் பராமரிப்பு வேலையின்போது ஒரு வடிகட்டி அமைப்பு நீக்கப்பட்டதால் மையக் கருவிகள் தகவல் வெள்ளத்தில் மூழ்கின. ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் இணைப்பு அறுந்தது, நாட்டின் இன்டராக் அட்டைப் பணப்பரிமாற்றமும் நின்றது. பழுதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களே ஒருவரோடொருவர் பேச அதே வலையமைப்பைத்தான் நம்பியிருந்தார்கள் என்பது இந்த நிகழ்வின் மிகக் கசப்பான பகுதி. 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் முடங்கியபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரால் அவசர எண்ணை எட்ட முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் சேர்ந்தே போயின. பேரிடர்க் காலத்திற்கென ஒரு நல்ல ஏற்பாடு வந்துகொண்டிருக்கிறது: குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே செல்வதால் நெரிசலில் தேங்கும், கலப் பரப்பல் முறையிலோ ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே அறிவிப்பை ஒரே நேரத்தில் உரத்த ஒலியோடு பெறும். இந்தியாவில் 2023இல் இது நாடெங்கும் சோதிக்கப்பட்டது. எனினும் கோபுரமே மின்சாரமின்றி நின்றுவிட்டால் அதுவும் பயன்படாது. கோபுரத்தின் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்ற எளிய கேள்வியில் பேரிடர்த் தொடர்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

பழுதால் நிற்பதைவிட ஆணையால் நிற்பது இந்தியாவில் அடிக்கடி நிகழ்வது. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் துண்டிக்கப்பட்ட இணையம் 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில் படிப்படியாகத் திரும்பியது. 4ஜி முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. அந்தத் துண்டிப்பை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசமைப்பின் பாதுகாப்புப் பெற்றவை என்றும், காலவரையற்ற முடக்கம் செல்லாது என்றும், ஆணைகளை வெளியிட வேண்டும் என்றும் கூறியது. இன்றைய விதிகளின்படி ஓர் ஆணை 15 நாளுக்கு மேல் நீடிக்காது. அடுத்தடுத்துப் புதிய ஆணைகள் வருவதை அது தடுப்பதில்லை என்பதை 2023இல் மணிப்பூரில் மாதக்கணக்கில் தொடர்ந்த முடக்கம் காட்டியது. தேர்வில் முறைகேட்டைத் தடுக்க மாவட்டம் மாவட்டமாக இணையத்தை நிறுத்தும் வழக்கம் ராஜஸ்தான் உள்ளிட்ட பல மாநிலங்களில் பரவியது. அந்தச் சில மணி நேரத்தில் தேர்வு எழுதாதவரின் பணப்பையும் சேர்ந்தே பூட்டப்படுகிறது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டம் இந்த அதிகாரத்தைப் புதிய மொழியில் தொடர்கிறதேயன்றி, இணைப்பு இன்று சுமக்கும் பொருள் மாறிவிட்டதைக் கணக்கில் கொள்ளவில்லை.

அதே சட்டம், நிறுவனங்களின் வருவாயிலிருந்து பெறும் பங்கைக் கொண்டு பின்தங்கிய பகுதிகளுக்குச் சேவை அளிக்க 2002இல் ஏற்படுத்தப்பட்ட நிதியை டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றி, அதன் நோக்கத்தையும் விரிவாக்கியுள்ளது. கருவி வாங்கப் பெண்களுக்கு உதவுவதும், கோபுரங்களின் மின்கலத் திறனை உயர்த்துவதும், மீன்பிடிப் படகுகளின் செய்திக் கருவிகளும் அந்த நோக்கத்துக்குள் அடங்கக்கூடியவையே. இதுவரை அந்த நிதி பெரும்பாலும் வடமும் கோபுரமும் போடுவதற்கே செலவிடப்பட்டு வந்துள்ளது. 2027இல் சீனாவின் ஷாங்காய் நகரில் கூடவிருக்கும் உலக வானொலித் தொடர்பு மாநாடு, 6ஜிக்கு 4.4, 7, 15 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டைகளை ஒதுக்குவது பற்றி முடிவெடுக்கும். அவை கிடைத்தபின் இந்தியா மீண்டும் ஓர் ஏலம் நடத்தும். அந்த ஏலத்தின் விதிமுறைகளில் அடிப்படை விலை எழுதப்படும் அதே பக்கத்தில், சேவை எட்ட வேண்டிய பரப்பும் ஆண்டுக்கு அனுமதிக்கப்படும் முடக்க நேரமும் பழைய தலைமுறையை மூடுவதற்கான முன்நிபந்தனைகளும் இடம்பெறலாம், இடம்பெறாமலும் போகலாம். 6ஜி யாருக்கானது என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.